கப்பல் ஹோர்ன் அடிக்காது

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை மினிபஸ் ஆள் நிரம்பக் காத்து நின்றது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அடுத்த மாதம் கனடா மகளோடு கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் போக இருந்தவருக்கு, போய் வந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உந்தக் கப்பல் ஆள் நிரம்புமட்டும் நிக்காது, அக்கா. அஞ்சு மணியெண்டால் அஞ்சு மணிதான்."

"ஹோர்ன் அடிச்சுக் கூப்பிடமாட்டினமோ?"

"என்ரை மனுசனும் அப்பிடித்தான் நினைச்சவர். ஒரு தீவிலை இறங்கி, இளநீர் குடிச்சிட்டு வாறன் எண்டு போனவர். நாலரை தாண்டியும் ஆளைக் காணேல்லை. நான் மேல்தட்டிலை நிண்டு அழுறன்."

"பிறகு?"

"ஏணியை எடுக்கிற நேரம் ஓடி வந்து ஏறினார், கையிலை எனக்கும் ஒரு இளநீர். ஏசக்கூட மனம் வரேல்லை. நீங்கள் துறைமுகத்தை விட்டுத் தூரம் போகாதேங்கோ. அரை மணித்தியாலம் முந்தியே ஏறியிடுங்கோ."

ஆள் நிரம்பி மினிபஸ் அசைந்தது. போய் வந்தவர் பதறி எழுந்தார். "தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. இவர் தேத்தண்ணி குடிக்கப் போனவர்."

நடத்துநர் கதவில் தட்டி பஸ்ஸை நிறுத்தினார். "ஆறுதலா வரட்டும், அம்மா."

அவர் மூச்சை விட்டு இருக்கையில் சாய்ந்தார்.

"இவருக்கு ஏற்ற கப்பல் இதுதான், அக்கா."