வேலை செய்தால் குறையும் வலி

வேலூரிலிருந்து ஆரணிக்கு வரும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இருந்தார்கள். மறுநாள் வேலூரில் கல்லூரித் தேர்வு. ஒருத்தி புத்தகத்தைப் பார்த்துக் கேட்க, மற்றவள் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“காலைல எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல விரலை மடக்க முடியல. வேலை செய்யச் செய்ய வலி கொறையுது. மூட்டுத் தேய்மானமா, முடக்குவாதமா?”

“எங்கம்மா.”

“ஏய், பேஜார் பண்ணாதடி. பதில் சொல்லு.”

“நெஜமாத்தான்டி. எழுந்ததும் டீ கிளாஸை ரெண்டு கையால புடிச்சுகினுதான் குடிக்கும். தறியில கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடும். சோம்பேறித்தனம்னு நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம்.”

கேட்டவள் புத்தகத்தைத் தாழ்த்தினாள். “தேய்மானம்னா வேலை செஞ்சா வலி ஏறும்டி. உங்கம்மாவுக்கு எறங்குது.”

என் மடியில் மகளின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருந்தன. காலையில் கால் மடங்கவில்லை என்றவளிடம், எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று மூன்று மாதமாக நானும் சொல்லிவந்தேன்.

பதில் சொல்லிக்கொண்டு வந்தவள் வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, கை எப்படிக்கீது? சாயங்காலம் நல்லாத்தான் இருக்கும்மா, காலைல எப்படிக்கீதுன்னு கேக்கறேன். ரெண்டு கையுமா? எவ்ளோ நாளா?”

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தறியில கீற சேலை எங்கயும் ஓடிடாதும்மா. நாளைக்கு முதல் பஸ்ல என்கூட நீயும் வேலூருக்கு வா. நான் எக்ஸாம் எழுதி முடிக்கற வரைக்கும் வெளியில உக்காந்துகினு இரு. அப்பால டாக்டர்கிட்ட எல்லாத்தையும் நானே சொல்றேன்.”