அம்மாவும் நானே, மகளும் நானே

ராகேலம்மா சேச்சி வைக்கும் மீன் குழம்பில் குடம்புளி எப்போதும் ஒரு துண்டு கூடுதலாகவே இருக்கும், சாரே. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. முதலில் நேரில் சொல்லிவிடுவேன், அப்புறம்தான் சங்கனாச்சேரியில் எங்கள் சந்து முழுக்கச் சொல்வேன்.

எதிர்வீட்டு ராகேலம்மாவின் பேஸ்புக் கணக்கைத் திருடினேன் என்று போலீஸ் புகாரில் எழுதியிருக்கிறீர்கள். திருடுவது என்றால் பூட்டை உடைக்க வேண்டாமா? எங்கள் பக்கம் வாசல் கேட்டில் வீட்டுப் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே பால்காய்ச்சிய வருஷத்தையும் எழுதி வைப்போம். சேச்சியின் கடவுச்சொல் அதுதான். வராந்தாவில் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன், என் போனில் அடித்தேன், திறந்துகொண்டது. சந்தில் எல்லோருக்குமே இதே வழக்கம்தான். மாதா கோயில் மணியடிக்கிற அவுசேப்பு வீட்டுக் கேட்டில் மட்டும் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எட்டிப் பார்க்கத்தான் போனேன். சேச்சியின் ஒரே மகள் ஜின்சி அயர்லாந்தில் நர்ஸ். அங்கே ஸ்ரீஜித் என்று ஒரு நாயர் பையனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குச் சேச்சி சிலுவை மேல் கை வைத்து, "இனி செத்தாலும் அவ குரல் என் காதுல விழக்கூடாது" என்று சத்தியம் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். குரலைப் பற்றித்தான் சத்தியம், எழுத்தைப் பற்றிப் பேச்சில்லை. அதனால் ஜின்சி பேஸ்புக்கில் எழுதிக்கொண்டே இருந்தாள். "அம்மா, சாப்ட்டியா?" அவ்வளவுதான் எழுதுவாள். சேச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படிப்பார். என் அடுப்படிக்கு வந்து, "அந்த நாயர்ச்சி என்னமோ கிறுக்கியிருக்கா" என்று மகளைச் சொல்வார். பதில் மட்டும் போட மாட்டார்.

அந்தப் பதிலைத்தான் நான் போட்டேன். "சாப்பிட்டேன் மோளே. நீ?"

வார்டை விட்டுக் கழிவறைக்குள் போய் நின்று அழுததாக அந்தப் பெண் எழுதினாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் இதையெல்லாம் சேச்சி தன் போனில் பார்த்துவிடுவாரே. கடவுச்சொல்லை மாற்றினேன். மறுநாள் சேச்சி மூச்சு வாங்க வந்தார்.

"ஏலிக்குட்டியே, என் பேஸ்புக்கு திறக்கவே மாட்டேங்குதுடீ."

"கள்ளனுங்க பூந்துட்டானுங்க சேச்சி. வடக்கே இதுக்குன்னே ஒரு கூட்டம் உக்காந்திருக்கு."

"என்கிட்ட என்னடீ இருக்கு, திருட?"

"உங்க மூஞ்சி இருக்கே சேச்சி, போதாதா?"

சிரித்துக்கொண்டே போனைக் கையில் கொடுத்தார். சேச்சிக்குப் புதிய கணக்கு ஒன்று திறந்து கொடுத்தேன். ஜின்சியின் படத்தைப் போட்டு இன்னொரு கணக்கும் திறந்து, அதைச் சேச்சியின் புதிய கணக்கோடு சேர்த்துவிட்டேன். அன்றிலிருந்து மகளுக்கு நான் அம்மா, அம்மாவுக்கு நான் மகள்.

ஒன்றை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நிஜ ஜின்சி ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. நான் கேட்டேன். சேச்சி கிண்ணம் நிறையக் குழம்போடு ஓடி வந்தார். "அவ மன்னிப்புக் கேட்டுட்டாடீ! என் வயித்துல பொறந்தவ கேட்டுட்டா!" அந்தக் குழம்பில் புளி சரியாக இருந்தது.

அப்போதே இருவரையும் சேர்த்துவைத்திருக்கலாமே என்கிறீர்கள். சேர்த்துவைத்தால் நடுவில் எனக்கு என்ன வேலை, சாரே?

பிறகு ஜின்சி உண்டானாள். பிரசவத்துக்கு வரச்சொல்லி எழுதினாள். எங்கள் ஊர் அம்மாக்கள் மகள் பேறுகாலம் என்றால் பெட்டியில் லேகியமும் இறால் ஊறுகாயும் திணித்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் பறந்துவிடுவார்கள். சேச்சி பறந்தால் எதிர்வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டின வீட்டைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பது? "முட்டி வலி மோளே, என்னால பிளேன் ஏற முடியாது" என்று எழுதினேன். நல்ல பெண். தைலம் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

சேச்சியிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அவரோ புதிய கணக்கில், "விசேஷம் ஒண்ணும் இல்லையா மோளே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இப்போதைக்கு வேண்டாம்னு இருக்கோம்மா" என்று நான் எழுதினேன். பாவம், மகளுக்கு ஒரு குழந்தை வேண்டுமென்று மாதாவுக்கு ஒன்பது நாள் நொவேனா ஜெபம் தொடங்கினார். அங்கே குழந்தை வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தது. மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நானும்தான் கூடப் போனேன். என் பங்குக்கு நானும் வேண்டிக்கொண்டேன்.

பெண் குழந்தை. படம் வந்தது. மூக்கு அப்படியே சேச்சி. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேச்சி எதிரில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

முதல் பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயரை வைப்பதுதான் எங்கள் முறை. ஸ்ரீஜித்தின் அம்மா பெயர் பார்கவி. அந்தப் பெயரைச் சொல்லி எந்தப் பாதிரி அச்சன் குழந்தை தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுவார்? அதனால் உரிமை அம்மாவின் அம்மாவுக்கு வந்தது. "உன் பேரையே வெக்கறேம்மா, சம்மதமா?" என்று ஜின்சி கேட்டாள். எங்களில் பெயர் இப்படித்தான் இறங்கி வரும். பிள்ளை இல்லாதவளின் பெயர் அவளோடு கல்லறைக்குப் போய்விடும். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ராகேல் என்று அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், பள்ளிக்கூடத்தில் குழந்தையைக் கூப்பிட்டால் எல்லாரும் திரும்புவார்கள் என்றுதான் யோசித்தேன். "என் பேரு வேண்டாம் மோளே. எனக்கு எல்லாமா இருக்கறது எதிர்வீட்டு ஏலிக்குட்டிதான். அவ பேரை வை" என்று எழுதினேன். அப்படியே வைத்தாள்.

எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிற பெண், ஒன்றை மட்டும் அம்மா சந்தோஷப்படட்டும் என்று மறைத்துவிட்டாள். நம் கோயிலில் ஒரு பூசைக்கு ஏற்பாடு செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அச்சன் வாசித்தார்: "அயர்லாந்திலிருக்கும் ஜின்சியின் மகள் ஏலிக்குட்டியின் ஞானஸ்நானத்துக்கு நன்றியாக."

சேச்சி எழுந்து நின்றுவிட்டார். "அச்சனே, யாரோட பிள்ளை?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. பூசை முடிவதற்குள் வெளியே போய், அவுசேப்பின் போனைப் பிடுங்கி, செய்த சத்தியத்தையும் விட்டுவிட்டு ஜின்சியைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. "எனக்குப் பேத்தி பொறந்ததை ஊரைக் கூட்டி அச்சன் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமாடீ?" என்று கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து சின்னக் குரல் வந்தது: "ஏம்மா இப்படிக் கோவப்படறே? படம் அனுப்பினப்போ எவ்ளோ ஆசையா எழுதினே!"

சேச்சி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எங்கள் கோயில் பங்கில் ஏலிக்குட்டி என்று வேறு யாரும் இல்லை.

இப்போது இருவரும் தினமும் பேசுகிறார்கள். பேச்சுக்குப் பாதி சண்டை, வராந்தாவரை கேட்கிறது. அடுத்த வாரம் சேச்சி பறக்கிறார். நான் எழுதிய காலத்தில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆமாம், இரண்டு கணக்கும் நான்தான். பிறந்த குழந்தையை அதன் பாட்டியிடமிருந்து மறைத்ததும் நான்தான். மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஞானஸ்நானப் பெயரையும் மாற்ற முடியாதாம், அச்சனிடம் கேட்டுக்கொண்டேன்.

கைது என்றால் சொந்தக்காரர் யாருக்காவது தகவல் சொல்ல வேண்டும், உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்களே, சாரே. அயர்லாந்துக்குச் சொல்லுங்கள். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுங்கள், என் பேத்தி இன்னும் தூங்கி எழுந்திருக்க மாட்டாள்.