பீரோவுக்குப் பின்னால் மாமனார்

அடுத்தவர் பேச்சைக் கேட்கக்கூடாது என்றுதான் தினமும் பஸ் ஏறுகிறேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வண்டியில், பின்சீட்டிலிருந்து இது வந்தது:

"மாமனாரு ஒரு வருஷமா பீரோ பின்னாலதான் நின்னுகினு கீறாரு."

பக்கத்தில் ஒயர் சுருளோடு இருந்த எலக்ட்ரீஷியன் கேட்டார்: "செத்துப்போனவரு போட்டோவா? இன்னும் மாட்டலியா?"

"ஹால்ல மாட்டுனா, மேட்ச் பாக்கசொல்ல என்னியே மொறச்சிகினு இருப்பாரு மச்சான். அதான், செவுரு பூரா ஒயரு ஓடுது, ஆணி அடிச்சா ஷாக் அடிக்கும்னு வூட்ல சொல்லி வெச்சிகீறேன்."

திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். எலக்ட்ரீஷியன் குரலைக் குறைக்கவில்லை.

"ஹால் செவுத்துல ஏதுடா ஒயரு? டிவி ஒயரு, நெட்டு ஒயரு எல்லாத்தையும் நான்தானே தரையோரமா ஸ்கர்ட்டிங் டைல் பின்னால வுட்டு மறைச்சேன்!"

முன்னால் லேடீஸ் சீட்டில், மடியில் சந்தன மாலையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டுக்காரர் முகம் போன போக்கிலேயே அது அவர் மனைவி என்று தெரிந்தது.

"அண்ணே, எறங்குனதும் வூட்டாண்ட வந்துட்டுப் போ. டிவிக்கு நேர் மேல ஒரு ஆணி அடிக்கணும்."