நாலு வரியில் ஒரு பொய்

மேடையில் மூன்று பேர்: முன்பள்ளி நிருவாகத் தலைவர் ஆனந்தராசா ஐயா, பள்ளிவாசல் இமாம் அவர்கள், மறைந்த பரீதா ரீச்சரின் கணவர் அப்துல் மஜீத் நானா. எதிரே கதிரைகளில் தாய்மார் பத்தொன்பது, தகப்பன்மார் ஆறு. பாயில் பிள்ளைகள் இருபத்துமூன்று. இந்த நினைவுக் கூட்டத்தில் ஒருவரையும் விடாமல் வணங்குகிறேன்.

நான் சிவாஜினி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டு, பிறகு நானாகப் படித்த குடும்பப் பெண். இங்கே பிள்ளைகளின் வரவுக் கொப்பி எழுதுகிறவள்.

எங்கள் பரீதா ரீச்சர் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொன்னார்? ஒரு மிருகத்தைப் பற்றி நாலு வரிப் பாட்டு எழுதுவார். அதில் வேண்டுமென்றே ஒரு பொய் வைப்பார். பிள்ளைகள் அந்த மிருகத்தைக் கண்ணால் பார்த்துப் பொய்யைப் பிடிக்க வேண்டும்.

வேலி ஓரம் வெள்ளாடு
வேப்பங் குழையை விரும்பிடுமே
மேலும் கீழும் முன்பல்லால்
மெல்ல மெல்லக் கடித்திடுமே

மறுநாள் ரிப்கா மூச்சிரைக்க வந்தாள். "ரீச்சர், ஆட்டுட வாயத் திறந்து பார்த்தனான். மேல முன்பல்லே இல்ல!"

"அப்ப நான் பிழையா எழுதிட்டனோ?"

"ஓம். இனிப் பார்த்திட்டு எழுதுங்க."

ரீச்சர் எழுந்து நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நான் இருபது வருடம் ஆடு வளர்த்தவள். அன்று வீட்டுக்குப் போய் என் ஆட்டின் வாயைத் திறந்தேன். ரிப்கா சொன்னது சரி.

முப்பத்தெட்டுப் பாட்டுகள். எந்தப் பொய்யை எந்தப் பிள்ளை பிடித்தது என்று திகதியோடு என் கொப்பியில் இருக்கிறது. பிடிபடாதது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் ரீச்சர் பலகையில் எழுதியது:

கோட்டை வாசல் ஆண்மானும்
வாழைத் தோலைத் தின்றிடுமே
ஆண்டுக் கொருமுறை கொம்புதிர்த்தே
அடுத்தொரு கொம்பு வளர்த்திடுமே

தோல் தின்றதை எல்லாரும் கண்டோம். மிஞ்சியது கொம்பு. "மாட்டுக்கு விழுறேல்லயே, மானுக்கு மட்டும் விழுமோ? பொய்தான்" என்கிறான் கஜீபன். அவன் தகப்பன், "போனில பார்த்தா ஒரு நிமிசம்" என்றார். ரீச்சர் விட்டிருப்பாரா?

வெள்ளிதோறும் கோணேசர் கோயிலுக்கு அந்தக் கோட்டை வாசலால் போகிறவள் நான். இடக்காது கிழிந்த ஆண்மான் ஒன்று அங்கே நிற்கும். அதன் கொம்பு விழுமா? விழுந்தால் முளைக்குமா? அல்லது ரீச்சர் இந்த ஒருமுறை பொய்யே வைக்கவில்லையா? ஒரு வருடம் பார்த்தால்தான் தெரியும். தன் நோய் தெரிந்தவர் ஏன் ஒரு வருடம் பார்க்க வேண்டிய பாட்டை எழுதினார்? இனி அவரிடம் கேட்க ஏலாது.

தலைவர் ஐயா, இந்த மாதத்தோடு பாட்டு வகுப்பை நிறுத்துவதாகச் சொன்னீர்கள். அதை ஒரு வருடத்துக்கு என்னிடம் தாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். அவர்கள் கண்டதை எழுதி வைப்பேன். பதில் தெரியும்வரை அந்தப் பலகையை அழிக்க விடமாட்டேன். இறைவன் ரீச்சரைத் தன் நிழலில் வைத்திருக்கட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை முதல் தடவை மானைப் பார்க்கப் போக வேண்டும். வியாழனுக்குள் பதில் சொல்லுங்கள், ஐயா.