பதினேழாவது ஜாயிண்ட்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தெலுக் பங்லிமா காராங்கிலிருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் தாமதமாகப் போனதில்லை, இன்ஸ்பெக்டர். கார்த்திகேசு என்றால் ஒழுங்கு என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெல்டிங் செய்த இடங்களை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே விரிசல் உண்டா என்று பார்ப்பது என் வேலை. போன வருடம், அதாவது 1995இல், ஒரு வெளிநாட்டுக் கடற்படை அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் கட்டத் திட்டமிட்டது. அதற்கான குழாய் ஒன்றை மாதிரிக்குச் செய்து தரும்படி எங்களிடம் கேட்டார்கள். வெல்டிங் செய்து இணைத்த இடங்கள், அதாவது ஜாயிண்ட், மொத்தம் இருபத்துநான்கு. வெல்டிங் செய்தவன் கிள்ளான் ஊர்க்காரன் சின்னையா. அவனைப் போல் கை நேர்த்தியுள்ளவன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அதை மறுக்க மாட்டேன்.

முதல் ஜாயிண்ட் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. மற்றவை வளைவுகளுக்குள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கருவியை ஏற்றி இறக்கவே அரை நாள் போய்விடும். மேனேஜரோ வெள்ளிக்கிழமைக்குள் முடி என்று தலையில் ஏறி உட்கார்ந்திருந்தார். கப்பல் கடலைப் பார்க்க இன்னும் பத்து வருடமாவது ஆகும். படத்தில் எண் விழுவதற்காக ஈயத்தில் செய்த எண்ணை அந்தந்த ஜாயிண்டின் மேல் வைத்துத்தான் எடுப்போம். நான் முதல் ஜாயிண்டின் மேலேயே எண்ணை மட்டும் மாற்றி மாற்றி வைத்து இருபத்துநான்கு படமும் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை சின்னையா வந்தான். "அண்ணே, பதினேழுல எனக்கு மனசு ஒப்பல. அன்னிக்கி கரண்ட் விட்டு விட்டு வந்துச்சு. படத்தக் காட்டுங்களேன்."

காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தான்.

"இது பதினேழு இல்லண்ணே. ஒண்ணாம் நம்பர். என் கை எனக்குத் தெரியாதா?"

அவன் சத்தம் போடவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்கண்ணே. நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காது லா," என்றான். அந்த மரியாதைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை, குழாய்க்குள் காற்றை ஏற்றிப் பார்க்கும் காற்றழுத்தச் சோதனை. "மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். காத்து கொஞ்சமா விடுறேன், நீயே பதினேழுகிட்ட நின்னு சோப்புத் தண்ணி தடவி நுரை வருதான்னு பாரு," என்றேன். நம்பினான். முழு அழுத்தம் ஏறும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்ற விதியை எழுதி அங்கே மாட்டியதே நான்தான். நான் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

தடுத்தும் கேளாமல் அவனே குழாய்ப் பக்கம் போனான் என்று அறிக்கை எழுதினேன். கிள்ளானில் இறுதிச் சடங்கின்போது அவன் மனைவி வீரம்மா, "ஒங்க மேலதாண்ணே அவருக்கு அவ்ளோ நம்பிக்கை," என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

இப்போது அந்த இருபத்துநான்கு படங்களையும் வரிசையாக மேசையில் பரப்பி வைத்திருக்கிறீர்கள். ஆகவே மழுப்ப விரும்பவில்லை. அவன் அங்கே நிற்பது தெரிந்தேதான் வால்வை முழுதாகத் திறந்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அந்தக் குழாய் இங்கேயே வெடித்ததால், அந்தக் கப்பலில் போகவிருந்த நூறு பேர் பிழைத்தார்கள். அதற்காக இதுவரை ஒருவர்கூட எனக்கு நன்றி சொல்லவில்லை.