ஒண்ணும் மாத்தல

— "வேலை செய்யல, காப்பாத்துங்க"ன்னு குரூப்புல போட்டா எவன் பதில் சொல்லுவான், நசாம்பு? நைரோபியில கடை வச்சு நாள் முழுக்க இந்த மாதிரி எலக்ட்ரானிக் போர்டையே ரிப்பேர் பண்றவன் நான். என் தங்கச்சியே இப்படிக் கேட்டா எனக்குத்தான் அசிங்கம்.

— உன் அசிங்கம் இருக்கட்டும், மகோகா அண்ணே. குஞ்சு பொரிக்கிற பெட்டியில முட்டை ஆறிக்கிட்டிருக்கு. காதுகிட்ட வச்சா உள்ள குஞ்சு கொத்துற சத்தம் கேக்குது. இன்னிக்குச் சூடு நின்னா அத்தனையும் செத்துப்போகும்.

— அப்ப என்ன நடக்குதுன்னு சொல்லு.

— வேலை செய்யல.

— அதையே சொல்லாதே, எரிச்சலா வருது. ஆஸ்பத்திரிக்குப் போயி "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்திருப்பியா? கண்ணுக்கு என்ன தெரியுது, காதுக்கு என்ன கேக்குது, அதைச் சொல்லு.

— போர்டுல சின்ன விளக்கு எரியுது. கொஞ்ச நேரத்துல டிக்குன்னு ஒரு சத்தம். உடனே அந்த விளக்கு அணைஞ்சு மறுபடி எரியுது. பெட்டிக்குள்ள சூட்டு பல்பு ஒரு தடவை மின்னிட்டு அணைஞ்சுடுது. திரும்பத் திரும்ப இதேதான்.

— இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு? சரி, கடைசியா ஒழுங்கா ஓடினதுக்கு அப்புறம் என்ன மாத்தினே?

— ஒண்ணும் மாத்தல.

— எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. புரோகிராமைத் தொட்டியா?

— தொடல.

— ஒயரைக் கழட்டினியா?

— கழட்டி மாட்டினேன். முன்ன இருந்த மாதிரியேதான் மாட்டினேன்.

— எதுக்குக் கழட்டினே?

— தூசி துடைக்க.

— ஓடிக்கிட்டிருந்ததைக் கழட்டித் தூசி துடைச்சியா? நல்லா இருக்கு. படம் அனுப்பு.

— அனுப்பினேனே.

— நீ அனுப்பினது போர்டோட ஒரு மூலை. அதை வச்சு நான் ஜோசியமா சொல்றது? தள்ளி நின்னு எடு. பெட்டி, ஒயரு, கரண்ட் வர்ற இடம், எல்லாம் தெரியணும்.

— அதெல்லாம் எதுக்கு? போர்டைப் பத்தி மட்டும் சொல்லேன்.

— எது வேணும் எது வேண்டாம்னு உனக்கே தெரிஞ்சா என்னை ஏன் கேக்கறே? அனுப்பு.

— சனியன். இந்தா, வந்திருக்கும் பாரு.

— இது போன் சார்ஜர். நான் வாங்கிக் கொடுத்த கறுப்பு அடாப்டர் எங்கே? பெட்டியில இருக்கற ஃபேன், பல்பு சுவிட்சு ரெண்டும் சேர்ந்து கரண்ட் இழுத்தா இது தாங்காது. அதான் போர்டு செத்துச் செத்துப் பொழைக்குது. இதைத்தான் ஒண்ணும் மாத்தலன்னியா?

— அது வீட்டுல இருக்கு.

— வீட்டுலன்னா? நீ எங்கே இருக்கே? பின்னாடி சுவத்துல வாய்ப்பாடு எழுதியிருக்கு. பெஞ்சுக்குக் கீழே கம்பளியில படுத்திருக்கறது உன் புள்ளைதானே?

— முட்டைக்கு முதல்ல வழி சொல்லு.

— நசாம்பு.

— முட்டைக்கு வழி சொல்லு அண்ணே.

— ஃபேன் ஒயரைக் கழட்டி வேற சார்ஜர்ல தனியா மாட்டு.

— டீச்சரோடது ஒண்ணு இருக்கு. இரு. மாட்டிட்டேன். டிக்குன்னுச்சு. பல்பு எரியுது. அணையல.

— உன் புருஷன் வாங்கிலா அடிச்சானா?

— பல்பு அணையல அண்ணே, நல்லா எரியுது. போனை வைக்கட்டுமா?

— வைக்காதே. புருஷன் வீட்டை விட்டு வந்து பள்ளிக்கூடத்துல படுத்துக் கிடக்கறே, கூடப் பொறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. முட்டையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கே. உதவி கேக்கறதுக்கு ஒரு முறை இல்லையா? என்ன நடந்துச்சு, எப்பலேர்ந்து நடக்குதுன்னு தெளிவாச் சொன்னா நான் செய்யமாட்டேனா?

— போன மழைக்காலத்துல உன் வாசல்ல நின்னு தெளிவாத்தானே சொன்னேன், எதால அடிச்சான்னு சொல்லி முதுகையும் காட்டினேன். எனக்குப் பரிசமா அவன் கொடுத்த மாடுகளை ஓட்டிட்டுப் போயி, அதையே பரிசமாக் கொடுத்து நீ பொண்டாட்டி கட்டிட்டே, நான் அவனை விட்டு வந்தா திருப்பிக் கொடுக்க மாடு இல்லன்னு நீதானே என்னை பஸ் ஏத்தி அவன்கிட்டயே அனுப்பினே.