மரியாமாவை ஆறாம் வகுப்பில் உட்காரவைத்த லல்லா பத்தூல்

மேடையில் வீற்றிருக்கும் கல்வி அலுவலர்களே, பெற்றோர் சங்கத் தலைவர் ஹாஜி அப்துஸ்ஸலாம் அவர்களே, தாஞ்சியர் நகரத்துத் தாய்மார்களே, என் சக ஆசிரியர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்!

நாம் மரியாதையோடு 'லல்லா' என்றழைத்த நம் தலைமையாசிரியை பத்தூல் ரைசூனி மறைந்து நாற்பது நாட்கள் ஆகின்றன. ஆனாலும் இன்று என் நெஞ்சு கனக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கினி நாட்டிலிருந்து வந்த மரியாமா முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். நம் பள்ளிக்கு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சு சரளமாக வாசிப்பாள், கணக்கில் கெட்டி. அரபு மட்டும் தெரியாது. அரபு தெரியாதவர்களுக்கு ஒன்றாம் வகுப்பு என்பதே அன்றைய வழக்கம். ஒரே வாரம், பெண் நின்றுவிட்டாள். லல்லா பத்தூல் அவள் வீட்டுக்கே போனார். நானும் உடன் போனேன்.

தாய் ஃபந்தா வாசலிலேயே சொன்னார்: "வர மாட்டேங்குறா மேடம். பொடிசுங்க எல்லாம் 'அத்தை, அத்தை'னு கூப்பிடுதுங்களாம். பெஞ்சுல காலு நுழையலையாம்."

"தப்பு எங்க மேலதாம்மா. நாளைக்கு ஆறாம் வகுப்புக்கு அனுப்பு" என்றார் லல்லா.

எளிதாக நடந்துவிட்டதா? இல்லை! மறுநாளே ஆறாம் வகுப்பு மாணவி இக்ராமின் தாய் நஜாத் கொதித்துக்கொண்டு வந்தார்.

"எங்க புள்ளைங்க படிப்பு கெட்டுப் போகும் லல்லா!"

"உங்க அக்கா புள்ளைங்க பிரஸ்ஸல்ஸ்ல படிக்குதுங்களே, சேரும்போது அந்த ஊர் பாஷை தெரியுமா?"

"எங்க தெரிஞ்சுது? ஊமை மாதிரி உட்கார்ந்திருந்துதுங்க, பாவம்."

சொன்னதும் நஜாத்துக்கே விஷயம் புரிந்துவிட்டது. "சரி, அந்தப் பொண்ணை என் இக்ராம் பக்கத்துலயே உட்கார வைங்க. அவ வாயாடி, தானா பேச வச்சிடுவா" என்றார். எவ்வளவு பெரிய மனது!

கல்வித்துறை ஆய்வாளர் ஒருவர் வந்து எச்சரித்தார்: "பரீட்சையில இவ தோத்தா, அரபு தெரியாம வர்ற எல்லாரும் பழையபடி ஒண்ணாம் வகுப்புக்குத்தான் போகணும்."

லல்லா, "ஆகட்டும்" என்றார். நோய் அவரைத் தின்னத் தொடங்கியிருந்த காலம் அது. ஆயினும் மாலை தவறாமல் மரியாமாவுக்கும், அவளுக்குத் துணையாக வந்த இக்ராமுக்கும் அரபுப் பாடம் நடத்தினார். ஒரு பெண்ணின் தேர்வில் பல பிள்ளைகளின் படிப்பு தொங்கியது!

முடிவு வந்த அன்று இக்ராம் தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்: "மரியாமா பாஸ்! அரபுல தட்டுத்தடுமாறி பாஸ்! கணக்குல என்னை மிஞ்சிட்டா, திருட்டுக் கழுதை!"

லல்லா பத்தூல் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா! இனிமே நிம்மதியா தூங்குவேன்" என்று சிரித்தார். பெருமக்களே, அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகு நான் எப்படி அழுவேன்?

ஆனாலும் அவரை அடக்கம் செய்த அன்று ஓர் அச்சம் இருந்தது: புதிதாக வருபவர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால்? கடந்த திங்கட்கிழமை அதுவும் தீர்ந்தது. ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த ஒரு சிறுவன் பள்ளி வாசலில் மிரண்டு நின்றான். புதிய தலைமையாசிரியை அவனிடம் மொழியைப் பற்றிக் கேட்கவில்லை. "உனக்கு என்ன வயசு? பத்தா? வா, உன் வயசுப் பசங்க மாடியில இருக்காங்க" என்று கைபிடித்து அழைத்துப் போனார்.

லல்லா பத்தூல் அவர்களே, நிம்மதியாகத் தூங்குங்கள்! மாலைப் பாடத்தை இனி நாங்கள் முறைபோட்டு நடத்துவோம். இந்த வாரம் என் முறை.